சைக்கிளில் வழி காண்பதற்குத் தனி ஜிபிஎஸ் கருவியா, கைபேசியா? வரைந்த பாதை கருவியில் ஏன் மாறுகிறது?

மிதிவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நன்கு பழகிய சாலைகளில், நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரங்களையே இதுவரை ஓட்டி வந்தேன். இனி 200, 300 கிலோமீட்டர் நீளும், முன்பின் அறியாத சாலைகள் வழியே செல்லும் பயணங்களுக்குத் தயாராகி வருவதால், வழி காண்பதற்கு நம்பகமான ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று எடுத்துப் பார்ப்பது நெடுந்தொலைவுக்கு ஒத்துவராது.

நண்பர் ஒருவர் தம்முடைய சைக்கிள் ஜிபிஎஸ் கருவியைச் சோதித்துப் பார்க்கும்படி கொடுத்தார். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, சிறு சாலைகளாகத் தேர்ந்தெடுத்து, கணினியில் ஒரு பாதையை வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி அந்தக் கருவியில் ஏற்றினேன். எந்த நெடுஞ்சாலையைத் தவிர்ப்பதற்காக அவ்வளவு பாடுபட்டேனோ, அதே நெடுஞ்சாலைக்குத்தான் கருவி என்னைத் திருப்பப் பார்த்தது. மொத்தத் தூரமும் கணினியில் கண்டதைவிடக் குறைவாக இருந்தது. பயணம் முடிந்தபின் கருவி காட்டிய மொத்த ஏற்றத்துக்கும், பாதையை வரைந்த இணையதளம் முன்பே சொல்லியிருந்த ஏற்றத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தது.

பாதை ஏன் மாறியது என்பதே என் முதன்மையான ஐயம். தனிக் கருவி வாங்குவது தேவைதானா, அல்லது கைபேசியை ஹேண்டில்பாரில் பொருத்திக்கொண்டாலே போதுமா என்பதையும், ஏற்றத்தின் கணக்கில் எதை நம்புவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி:

வணக்கம் மிதிவழி. உங்கள் முதல் ஐயத்துக்கு விடை அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஜிபிஎக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். எந்த எழுத்துத் தொகுப்பானிலும் திறந்து படித்துவிடலாம். அதில் மூன்று வகைத் தரவுகள் இடம்பெறலாம். தனித்தனி இடங்களைக் குறிக்கும் புள்ளிகள் ஒரு வகை. ரூட் என்பது இரண்டாவது. டிராக் என்பது மூன்றாவது. பின்னுள்ள இரண்டையும் வேறுபாடின்றி எடுத்துக்கொள்வதால்தான் இத்தகைய குழப்பங்களில் பெரும்பாலானவை நேர்கின்றன.

ரூட்டில் இருப்பவை சில திருப்பங்களும் இடைப்பட்ட ஊர்களும் மட்டுமே. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எந்தச் சாலையில் செல்வது என்பதைக் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தையும் தனக்குத் தரப்பட்ட விருப்ப அமைப்புகளையும் கொண்டு அந்த நேரத்தில் கணக்கிட்டுக்கொள்கிறது. நீங்கள் பாதை வரைந்த தளத்தின் வரைபடமும் விதிகளும் வேறு, கருவியினுடையவை வேறு. கருவியில் 'மிகக் குறைந்த நேரம்' அல்லது 'மிகக் குறைந்த தூரம்' என்ற அமைப்பு தேர்வாகியிருந்தால், இரு புள்ளிகளுக்கு இடையே நெடுஞ்சாலை குறுக்கே கிடைக்கும் இடங்களில் அது அதைத்தான் எடுக்கும். உங்கள் மொத்தத் தூரம் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். டிராக் அப்படியன்று. சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரையிலான இடைவெளியில் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொண்ட கோடு அது. கருவி கணக்கிடுவதற்கு அதில் எதுவும் மீதமில்லை, கோட்டை வரைபடத்தின்மேல் காட்டி அதை ஒட்டிச் செல்கிறீர்களா என்று கவனிப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே தளத்திலிருந்து கோப்பை இறக்கும்போது டிராக் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இத்துடன் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடாது. பாதையை விட்டு விலகியதும் தானாகவே மறுகணக்கிடும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளிப் போய்விட்டால், அந்த வசதி இயங்கும் நிலையில், நீங்கள் வரைந்த கோட்டுக்குத் திரும்பும் வழிக்கு மாறாக, இறுதி இலக்குக்கே புதிய வழியொன்றைச் சில கருவிகள் போட்டுவிடும். அதற்குப்பின் நீங்கள் ஓட்டுவது உங்கள் பாதையன்று, கருவியின் பாதை. திரையின் நிறமோ அம்புக்குறியோ மாறாததால் பத்துக் கிலோமீட்டர் கடந்த பின்புதான் அது தெரியவரும். அமைப்புகளில் இதை முழுமையாக அணைத்துவிட்டு, பாதையிலிருந்து விலகினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். எச்சரிக்கை ஒலித்ததும் வரைபடத்தைச் சற்று விரித்துப் பார்த்தால் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

டிராக்கில் உள்ள ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'அடுத்த சந்திப்பில் இடப்புறம் திரும்புக' என்பது போன்ற அறிவுறுத்தல்கள் அதில் இயல்பாக இருப்பதில்லை. உள்ளே வரைபடம் உள்ள கருவிகள் கோட்டைச் சாலைகளோடு பொருத்திப் பார்த்துத் தாமே அறிவுறுத்தல்களை உருவாக்கிக்கொள்கின்றன. வரைபடம் இல்லாத எளிய கருவியானால், திருப்பக் குறிப்புகளையும் சேர்த்துச் சுமக்கக்கூடிய டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்பாக இறக்கிக்கொள்வது நல்லது. பழைய கருவிகள் சிலவற்றில் ஒரு டிராக்கில் இருக்கக்கூடிய புள்ளிகளுக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் புள்ளிகளைக் குறைத்துவிடும் அல்லது கோட்டை நடுவில் வெட்டிவிடும். எனவே ஏற்றியவுடன் கருவி காட்டும் மொத்தத் தூரத்தைத் தளம் காட்டிய தூரத்தோடு வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இல்லையென்றால் அந்தக் கோப்போடு கிளம்ப வேண்டாம்.

காற்றெதிர்:

நெடுவழி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தனிக் கருவி இல்லாமல் நெடுந்தொலைவு ஓட்ட முடியாது என்ற எண்ணம் இந்தத் திரியைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கைபேசி வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அதனால் இணையமோ சிம் அட்டையோ இல்லாமலே இருப்பிடம் தெரியும். இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் அப்போதைய நிலைகளைப் பற்றிய தரவு விரைவாகக் கிடைத்து, முதல் இருப்பிடம் சில நொடிகளில் பிடிபடும். இல்லையென்றால் அந்தத் தரவைச் செயற்கைக்கோளிலிருந்தே பெற வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். வேண்டிய பகுதியின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் விமானப் பயன்முறையிலேயே நாள் முழுவதும் வழி காணலாம். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகள், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தின் தரவைக் கொண்டு இவ்வாறு இயங்குபவை. இரண்டும் ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்து காட்டும்.

துல்லியத்திலும் கைபேசி இளைத்ததன்று. 2018இல் வெளிவந்த ஷாவ்மி மி 8 தொடங்கி, எல்1, எல்5 என்னும் இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் கைபேசிகள் வந்துவிட்டன. உயரமான கட்டடங்களிலும் பாறைச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வரும் குறிப்பலைகளால் ஏற்படும் பிழையை இந்த இரண்டாவது அலைவரிசை குறைக்கிறது.

கைபேசியின் பலவீனம் திரைதான். மின்னாற்றலைப் பெருமளவு தின்பது இருப்பிடம் அறியும் பகுதியன்று, வெயிலில் தெரிவதற்காக முழு ஒளியில் எரிந்துகொண்டே இருக்கும் திரை. எனவே நான் திரையை அணைத்துவிட்டு, குரல் வழி அறிவுறுத்தலை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். காதுகளை அடைத்துக்கொள்ளாமல் கைபேசியின் ஒலிபெருக்கியிலேயே கேட்பது பாதுகாப்பு. குழப்பமான சந்திப்புகளில் மட்டும் திரையை எழுப்பிப் பார்த்தால் போதுமானது. இந்த முறையில் பகல் முழுவதும் ஓட்டினாலும் மின்கலம் தாக்குப்பிடிக்கிறது.

நெடுவழி:

காற்றெதிர் அவர்களின் முறை பகலில், உலர்ந்த காலநிலையில் நன்றாகவே செயல்படும். 300 கிலோமீட்டர் என்றால் இரவும் மழையும் கணக்கில் வந்துவிடும் என்பதால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மழைத்துளி விழும் தொடுதிரை விரலையும் நீரையும் பிரித்தறியாது. வரைபடம் தானாக நகர்கிறது, பெரிதாகிறது, சில வேளைகளில் வழிகாட்டலே நின்றுவிடுகிறது. பொத்தான்களால் இயங்கும் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை, கையுறையோடும் அழுத்தலாம். வெயிலைப் பற்றியும் யோசியுங்கள். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத இடங்களில் பயன்படுத்துமாறு ஆப்பிளே குறிப்பிடுகிறது. ஹேண்டில்பாரில் நேர் வெயிலில் கிடக்கும் கறுப்புத் திரை அதைவிடச் சூடாகி, ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும், பின்பு அணைந்தும் போகலாம். சைக்கிள் கருவிகள் பலவற்றின் திரை மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் வகையைச் சேர்ந்தது. வெயில் ஏற ஏற அது இன்னும் தெளிவாகத் தெரியும், பின்னொளியும் தேவைப்படாது. அத்தகைய கருவிகள் பதினைந்து மணி நேரமும் அதற்கு மேலும் ஓடுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

அதிர்வும் ஒரு காரணம். உயர்திறன் மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைப் பாதிக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லையென்றாலும், கரடுமுரடான சாலையில் நாள் முழுவதும் குலுங்கும் ஹேண்டில்பாரில் விலையுயர்ந்த கைபேசியை மாட்டி வைக்க என் மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தில் உதவிக்கு அழைக்க வேண்டிய பொருளும் வழிகாட்டும் பொருளும் ஒன்றாக இருந்தால், மின்கலம் தீரும்போது இரண்டையும் ஒருசேர இழக்கிறோம். கருவி முன்னால், அதே டிராக் ஏற்றப்பட்ட கைபேசி அணைந்த நிலையில் பையில் என்று பிரித்துக்கொள்வதையே விரும்புகிறேன். வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லையென்றால், பயன்பாட்டில் இல்லாத பழைய கைபேசியை ஹேண்டில்பாருக்கு ஒதுக்கிவிடலாம்.

மேடுபள்ளம்:

ஏற்றத்தைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அனுப்பும் நேரக்குறிப்பு நம்மை வந்தடைய ஆன காலத்திலிருந்து தூரம் கணக்கிடப்படுகிறது. நம் கருவியின் கடிகாரம் அவற்றின் அணுக் கடிகாரங்களுக்கு ஈடானதன்று. ஒரு மைக்ரோநொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். அதனால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகியவற்றோடு கடிகாரப் பிழையையும் சேர்த்து நான்கு மாறிகளைக் கண்டறிய வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. பக்கவாட்டில் எல்லாத் திசைகளிலும் செயற்கைக்கோள்கள் இருப்பதால் கிடைமட்டப் பிழை பெருமளவு ஒன்றையொன்று சமன்செய்துகொள்கிறது. காலுக்குக் கீழேயுள்ள செயற்கைக்கோள்களைப் பூமி மறைத்துவிடுவதால் உயரத்துக்கு அந்தச் சமநிலை கிடைப்பதில்லை. ஆகவே பொதுவாகக் கிடைமட்டத்தைவிடச் செங்குத்துப் பிழை அதிகம்.

இதைத் தவிர்க்கத்தான் நல்ல சைக்கிள் கருவிகளில் காற்றழுத்த உயரமானி வைக்கப்படுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் எட்டு மீட்டரைச் சற்றே தாண்டி ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். சிறு மேடுகளைக்கூட இது உணர்ந்துவிடும். வானிலை மாறும்போதும் அழுத்தம் மாறுகிறதே என்பதுதான் இதன் குறை. புயலோ மழையோ நெருங்கி ஐந்து ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நீங்கள் நகராமல் நின்றாலும் நாற்பது மீட்டர் ஏறியதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். அழுத்த உணரியின் துளையை மழைநீர் அடைத்துக்கொண்டாலும் விசித்திரமான எண்கள் வரும்.

பாதை வரையும் தளத்திடம் உயரமானி ஏதுமில்லை. முன்பே அளந்து வைத்த நிலவுருவத் தரவிலிருந்து உயரங்களை எடுத்துக் கூட்டுகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்த தரவு இவற்றுள் பரவலாகப் பயன்படுவது. அதன் கட்டங்கள் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ளவை. மலைச்சரிவைக் குடைந்து போட்ட சாலையில் ஒரு கட்டத்துக்குள்ளேயே சாலையும், மேலேயுள்ள பாறையும், கீழேயுள்ள பள்ளமும் அடங்கிவிடுவதால், சீராக ஏறும் சாலை தளத்தின் வரைபடத்தில் ரம்பப் பற்களாகத் தெரியும். ஒவ்வொரு பல்லும் மொத்த ஏற்றத்தில் கூடிவிடும். பாலத்தையும் சுரங்கப்பாதையையும் அது அறியாது. சுரங்கப்பாதை உள்ள இடத்தில் மலையையே நீங்கள் ஏறி இறங்கியதாகக் கணக்குச் சொல்லும். நிறைய மலைப்பாதை உள்ள பயணத்தில் முடிந்தபின் கணக்குப் பார்க்க உயரமானியின் எண்ணை நம்புங்கள். முன்கூட்டித் திட்டமிடத் தளத்தின் எண்ணைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரே தளத்தை மட்டும். இரண்டு தளங்களின் ஏற்றங்களை ஒப்பிட்டு எந்தப் பாதை எளிது என்று முடிவுசெய்வதில் பொருளில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல்: சக்கரத்தில் பொருத்தும் வேக உணரி இருந்தால் சுரங்கப்பாதையிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழும் தூரம் விட்டுப்போகாது. ஆனால் அதற்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 700 x 25 டயருக்குச் சுமார் 2.1 மீட்டர், அதில் ஒரு விழுக்காடு பிசகினாலும் 200 கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டர் பிசகும். அச்சிட்ட திருப்பப் பட்டியலைத் தூரத்தை வைத்துப் பின்பற்றுபவர்களுக்கு இது பெரிய பிழை.

மிதிவழி:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன், நெடுவழி அவர்கள் ஊகித்தது போலவே உள்ளே ரூட் புள்ளிகள் மட்டுமே இருந்தன. டிராக்காக மீண்டும் இறக்கி ஏற்றியதும் தூரம் பொருந்திவிட்டது. கைபேசியா கருவியா என்பதில், இப்போதைக்குப் பழைய கைபேசியை முன்னால் பொருத்திக்கொண்டு தொடங்கலாம் என்று முடிவுசெய்திருக்கிறேன்.

மேலும் இரண்டு ஐயங்கள். பாதை வரையும் தளம், மற்ற ஓட்டுநர்கள் அதிகம் பயன்படுத்தும் சாலைகளை அடர்ந்த நிறத்தில் காட்டுகிறது. அதை நம்பிச் சாலைகளைத் தேர்வுசெய்யலாமா? அடுத்தது, நான் திட்டமிட்டிருக்கும் பாதையில் கடைசி முப்பது கிலோமீட்டர், போன வழியிலேயே திரும்பி வருவதாக அமைந்திருக்கிறது. ஒரே சாலையில் கோடு இருமுறை செல்வதால் சிக்கல் வருமா?

காற்றெதிர்:

அடர்ந்த நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளின் அதிகாலையில் கூட்டமாகப் பயிற்சி செய்பவர்களின் தடங்கள் அதில் மிகுதி. அவர்கள் ஓட்டும் நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் அதே சாலையில் வேலை நாள் மாலையில் வண்டிகள் இடைவெளியின்றி ஓடலாம். மறுபுறம், ஒரு சிறு சாலையில் தடமே இல்லையென்றால் அது மோசமான சாலை என்று பொருளன்று. அந்தப் பகுதியில் தடம் பதிவுசெய்பவர்களே இல்லாமலும் இருக்கலாம். சாலையின் மேற்பரப்பு எத்தகையது என்பதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் பலர் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடங்களில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாரா மண்ணா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பவர் பேங்க் எடுத்துச் செல்வீர்கள் என்று நினைக்கிறேன். அதன்மேல் அச்சிட்டிருக்கும் மில்லியாம்பியர்-மணி அளவு உள்ளேயிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கிலானது. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தருவதிலும், மாற்றும்போது ஏற்படும் இழப்பிலும் குறைந்து, 10,000 என்று போட்டிருந்தால் சுமார் 6,000 முதல் 6,500 வரைதான் கைக்கு வரும். மழையில் கேபிளைச் செருகினால், நீர்புகாத் தன்மைக்காக மூடி உள்ள கருவிகளில் அது திறந்தே இருக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். நின்று ஓய்வெடுக்கும் இடங்களில் கூரைக்குக் கீழே மின்னேற்றுவதே நல்லது.

நெடுவழி:

திரும்பும் பாதையில் சிக்கல் வரக்கூடும். நீங்கள் கோட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பல செயலிகளும் கருவிகளும் அருகிலுள்ள புள்ளியை வைத்தே தீர்மானிக்கின்றன. கோடு இருமுறை செல்லும் சாலையில் போகும் புள்ளியும் வரும் புள்ளியும் ஒரே இடத்தில் இருப்பதால், பயணம் தொடங்கிச் சிறிது தூரத்திலேயே 'இன்னும் சில கிலோமீட்டரில் இலக்கு' என்று அறிவித்துவிடக்கூடும், அல்லது எதிர்த்திசையில் திரும்பச் சொல்லக்கூடும். தொடக்கமும் முடிவும் ஒரே இடமாக உள்ள வட்டப் பாதையிலும், எட்டு வடிவில் தன்னையே வெட்டிச் செல்லும் பாதையிலும் இதே குழப்பம் நேரும்.

கோப்பை இரண்டாக வெட்டிவிடுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதான் முக்கியம்: ஒரு கோப்புக்குள் ஒரே சாலை இருமுறை வராதபடி, போகவும் வரவும் பொதுவான அந்தச் சாலை திரும்பும்போது மறுபடி தொடங்குவதற்கு வெகு முன்னதாக, நீங்கள் எப்படியும் இறங்கி நிற்கப்போகும் ஓர் இடத்தில் வெட்டுவது வசதி. முதல் கோப்பின் பெயரை 1 என்றும் அடுத்ததை 2 என்றும் தொடங்கினால் களைத்த நேரத்தில் பட்டியலில் தேட வேண்டியிராது. முதல் கோப்பு முடிந்ததும் பதிவை நிறுத்தாமல் பாதையை மட்டும் மாற்ற முடிகிறதா என்பதை உங்கள் செயலியில் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் முடியும், சிலவற்றில் பயணமே இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடும்.

இன்னொன்று: நின்றுகொண்டிருக்கும்போது வரைபடம் தாறுமாறாகச் சுழன்றால் பதற வேண்டாம். எந்தத் திசையை நோக்கியிருக்கிறீர்கள் என்பதை ஜிபிஎஸ் நகர்விலிருந்துதான் அறிகிறது; நின்றுவிட்டால் அதற்குத் திசை தெரியாது. கைபேசியில் காந்தத் திசைமானி இருந்தாலும், ஹேண்டில்பாரின் இரும்புப் பாகங்களும் காந்தம் வைத்த பிடிப்பானும் அதைக் குழப்பும். பத்துப் பதினைந்து மீட்டர் உருட்டிச் சென்றால் அம்புக்குறி சரியான பக்கம் திரும்பிவிடும்.